பார்த்தால் சிரிக்கிறவள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கிலுகிலுப்பை என்று கூப்பிடுகிற உன் தங்கை எழுதுகிறேன். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணியும் பையன்களும் சுகம்தானே?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்க மாட்டாய், 'லோடு வந்திடுச்சு, அப்புறம் பேசறேன்' என்பாய். நேரில் வரலாமென்றால் என் சங்கதிதான் உனக்குத் தெரியுமே. முக்கியமான விஷயத்தை ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுவேன். காகிதத்துக்குக் கண் இல்லை. இதில் மட்டும்தான் ஒரு துக்கத்தை என்னால் முழுசாகச் சொல்ல முடிகிறது.

குட்டியை அவர் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் இருந்துவிட்டு வருவாள் என்றார். அவள் வரவில்லை, நேற்று கோர்ட் நோட்டீஸ்தான் வந்தது. எனக்குப் புத்தி சரியில்லையாம். யாராவது அழுதால் சிரிக்கிறேனாம். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதும் சிரித்தேனாம். இப்படிப்பட்டவளிடம் ஏழு வயசுப் பெண்ணை விட முடியாதாம். விவாகரத்தும் வேண்டும், குழந்தையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை அண்ணா, அதுதான் கொடுமை. டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், நான் சிரித்தேன். மனசு முழுக்கப் பயம், வாய் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். போன வருஷம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. அதை என்னிடம் சொல்லும்போது நேராகப் பார்த்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து, அவர் வீட்டு மனிதர்கள் கூடியிருக்கும்போதெல்லாம் என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு, குட்டி மேல உனக்குப் பாசம் இருக்கா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். "எல்லாரும் பார்த்துக்குங்க" என்று கையை எடுத்துவிடுவார். அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள்தான் இப்போது சாட்சிகள்.

இது நரம்புக் கூச்சம், பைத்தியமில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வக்கீலம்மா, "நேத்துப் பார்த்த டாக்டர் சொல்றதைவிட, கூடப் பொறந்தவங்க ஒருத்தர் வந்து சொன்னா எடுபடும்" என்கிறார். நீ வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: 'இவள் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்.' அப்பா போன அன்று பெரியப்பா என் முகத்துக்கு நேராக வந்து "அப்பா போயிட்டாரேம்மா" என்றபோது எனக்குக் கிளம்பிவிட்டது. நீதான் என் தலையைப் பிடித்து உன் நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாய். தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று கூட்டம் நினைத்தது. உண்மையில் இரண்டும்தான் நடந்தது, உன் சட்டை முழுக்க நனைந்துபோயிற்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வரும் என்பதைப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். என் சின்ன வயசைப் பற்றிச் சொல்ல அம்மாவும் இப்போது இல்லை.

குட்டி என்னிடம் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம். பதில் எழுது.

உன் தங்கை


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலி எனக்கு இன்னொரு கூடப்பிறந்தவள், அவளும் சுகம்.

உன் கடிதத்தை ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். ரத்தம் கொதித்தது. முகவாயைப் பிடித்துத் தூக்குவதாமே! நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் கைக்கு ஒரு வழி பண்ணியிருப்பேன். நான் வருகிறேன், இதைக் கேட்கவும் வேண்டுமா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தேதியைச் சொல், வந்து நிற்கிறேன். "ஐயா, ஹெட்மிஸ்ட்ரஸ் பிரம்பை எடுத்தாலும் சிரிப்பா, பிரம்பு முறிஞ்சாலும் சிரிப்பா, இவ டிசைனே அப்படி" என்று நான் சொல்கிற சொல்லில் நீதிபதியே சிரித்துவிடுவார்.

அதுவரைக்கும் நீயும் கொஞ்சம் பழகிக்கொள். எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார். அதுவும் சரிப்படவில்லை என்றால் கட்டைவிரல் நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொள். பல் பிடுங்கியதை நினைத்துக்கொள். நான் மேலதிகாரி திட்டும்போதெல்லாம் அவருடைய காதைத்தான் பார்ப்பேன், பத்து வருஷமாக இந்தக் காதால்தான் பிழைக்கிறேன்.

மேலதிகாரி என்றதும் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளையின் அண்ணன்தான் இங்கே மேனேஜர் என்பது உனக்குத் தெரிந்ததுதான். உன் கல்யாணத்தில் என்னைப் பார்த்துவிட்டு அவராகக் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இது. இந்த விவகாரம் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

தைரியமாக இரு. குட்டியைப் பார்க்கும்போது மாமா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு உண்மையாகவே நலம். அந்த 'வருகிறேன்' என்ற இடத்தை நாலைந்து தடவை படித்தேன்.

உன் உபாயங்களைச் சோதித்தேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி தன் மாமனாருக்குக் கால் எடுத்துவிட்டார்கள் என்று வந்து சொன்னார். புருவத்துக்கு நடுவில் பார்த்தேன். அவருக்கு அந்த இடத்தில் மூன்றே மூன்று முடி தனியாக நிற்கிறது, யாரோ நட்டு வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. அவ்வளவுதான், பிரேம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். உள்ளங்கையைக் குத்தியதில் புண்தான் மிச்சம். பல் பிடுங்கியதை நினைத்தால் நீ பல் பிடுங்கிக்கொண்டு வந்து வாயில் பஞ்சோடு அம்மாவைத் திட்டியதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் நானாக ஒன்று கண்டுபிடித்தேன். கடையில் நாள் முழுக்க மனிதர்களின் கண்ணைத்தானே பார்க்கிறேன்? மூக்குக்கு மேலே சின்ன ஸ்கேலை வைத்து, ஒரு கருமணியிலிருந்து இன்னொரு கருமணிக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கிறேன். ஒருநாளும் சிரித்ததில்லை. அங்கே கண் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. அப்படியே கோர்ட்டிலும் பார்த்துவிட்டால் என்ன?

போன வாரம் கோர்ட் ஆலோசகர் கூப்பிட்டார். எதிரே நேராக உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, "உங்க மகள் உங்ககிட்ட இருக்கணும்னு ஏன் நினைக்கறீங்க?" என்று கேட்டார். நான் கடையில் பார்ப்பதுபோலப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், அவருடைய கண்ணாடி ஒரு பக்கமாக இறங்கியிருந்ததுதான் கண்ணில் பட்டது. லென்ஸின் நடு ஒரு இடத்தில், கருமணி ஒரு இடத்தில். "சார், உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. சாயங்காலமானா தலை வலிக்குமே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று அறிக்கை போயிருக்கிறது. வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் எங்கள் கடைக்கே வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனார். அறிக்கையைச் சரிசெய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் குட்டியைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. மாமியார் வீட்டு முன்னறையில், மாமியார் முன்னால். பல் ஒன்று விழுந்திருக்கிறது அவளுக்கு. எங்கே போட்டாய் என்று கேட்டால் அப்பா குப்பையில் போட்டுவிட்டார் என்கிறாள். போகும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமியார் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

மே 22 விசாரணை. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

தங்கை


மே 4

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலமும் அதுவே ஆகுக. பதில் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே தலைக்கு மேல் வேலை.

22 என்பது கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. அந்த வாரம் சரக்குக் கணக்கெடுப்பு, யாருக்கும் லீவு கிடையாது என்று ஒட்டியிருக்கிறார்கள். தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று வக்கீலம்மாவைக் கேட்டுப் பார். கோர்ட்டு என்றால் வாய்தா, வாய்தா என்றால் கோர்ட்டு, அவர்களுக்கு இது சகஜம்தானே.

வேறு விசேஷம், எங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். பையன்களுக்குத் தனி அறை. உன் அண்ணி தரையைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்கிறாள், இனிமேல் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கோர்ட்டுக்குப் போனால் யாருக்கும் மிச்சம் இருக்காது. மாப்பிள்ளையும் வாழ்க்கையில் அடிபட்ட ஆள்தான், அந்தப் பதவி உயர்வு போனதில் மனம் உடைந்திருக்கிறார். நீ ஒரு எட்டு போய், தலையைக் குனிந்தபடியே பேசிப் பார். கெட்டுப்போகிறவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. யோசித்துச் செய்.

அண்ணன்


மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். புது வீட்டில் அண்ணிக்கு இடுப்பு வலிக்காமல் இருக்கட்டும்.

தலையைக் குனிந்தபடி பேசிப் பார்க்கச் சொல்கிறாய். அதற்குத்தானே அவர் முகவாயைப் பிடித்துத் தூக்குகிறார்? நான் குனிந்தால் தூக்குகிற கை அது. நீ படித்தது என் கடிதத்தையா, வேறு யாருடைய கடிதத்தையாவதா?

அவர் அடிபட்டவர் என்பது எனக்குத் தெரியும். நானும் அதற்காக அழுதிருக்கிறேன், சமையலறையில், யாரும் பார்க்காத சமயத்தில். பார்த்தால்தான் சிரிக்கிறேன், பார்க்காவிட்டால் மற்றவர்களைப்போல அழவும் வரும். இதை யாரிடம் நிரூபிப்பது? பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று மாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் காதுபடச் சொல்கிறார். குட்டி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அதிர்ஷ்டம், நீதிபதிக்கு இடமாற்றமாம். புது நீதிபதி வந்து விசாரணை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் உன் மூட்டைகளை எல்லாம் எண்ணி முடித்துவிடலாம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டாதே அண்ணா. வருகிறாயா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுது, வேறு வழி பார்க்கிறேன்.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்துக்கு இவர் பதில் எழுதவில்லை என்று எனக்கே சங்கடமாக இருந்தது. எழுதுங்கள் என்றால் எழுதலாம் என்கிறார், காகிதத்தை எடுத்து வைத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் நானே எழுதுகிறேன்.

உங்கள் அக்காவின் ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், நீங்கள் பயப்படுகிற மாதிரி யாரும் உங்களுக்கு விரோதி இல்லை. போன வாரம் மேனேஜர் வீட்டுக்கே வந்திருந்தார். அவர் அந்தஸ்துக்கு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததே பெரிது. உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தான் விசாரித்தார். சின்ன வயசில் எப்படி, அப்பா அம்மா இருந்தபோது எப்படி என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டார். இவரும் வெகுநேரம் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு இவர் சாப்பிடவில்லை.

உங்கள் அண்ணனுக்கு சூப்பர்வைசர் பொறுப்புக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. உங்கள் வாயால் நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள், சந்தோஷப்படுவார்.

அண்ணி


ஜூலை 9

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை.

அவர்கள் கூடுதல் மனு ஒன்று போட்டிருக்கிறார்கள். வக்கீலம்மா படித்துக் காட்டினார். 'பெற்ற தகப்பன் இறந்து கிடந்தபோது, துக்கம் கேட்க வந்த பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்' என்று அதில் இருக்கிறது.

பெரியப்பாவுக்கே அது தெரியாது. நான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவரும் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரருக்கு நான் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட நாம் சொல்லவில்லை. தெரிந்தது அன்று என் தலையை அமுக்கிப் பிடித்த கை ஒன்றுக்குத்தான்.

நீ என்ன சொன்னாய், யாரிடம் சொன்னாய், எதற்குச் சொன்னாய்?


ஆகஸ்ட் 10

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ என்னைத் தப்பாக நினைத்துவிட்டாய் என்று தெரிகிறது.

மேனேஜர் பெரியவர் பேச்சுவாக்கில் கேட்டார், நானும் பேச்சுவாக்கில் சொன்னேன். சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தத் தொந்தரவு உண்டு என்று அவர் புரிந்துகொண்டால் தம்பிக்கு எடுத்துச் சொல்வார் என்று எண்ணித்தான் சொன்னேன். அதை மனுவில் எழுதுவார்கள் என்று நான் கண்டேனா? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான், உனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 28 கோர்ட்டுக்கு வருகிறேன். லீவு கொடுத்துவிட்டார்கள். நேரில் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். போன கடிதத்தில் விட்டதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அண்ணிக்கும் பையன்களுக்கும் என் அன்பு.

கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு ரகசியம் தங்காது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீ வருகிறாய் என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்பா போன அன்றைக்கு நடந்ததை அவர்கள் பாதிதான் எழுதியிருக்கிறார்கள், மீதியை நீ சொல்லிவிட்டால் அவர்களுடைய மனுவே நமக்குச் சாதகம் என்கிறார். சட்டை நனைந்ததை மறக்காமல் சொல். அதுதான் முக்கியம்.

காலை பஸ்ஸில் வருவாய் என்றால் ஸ்டாண்டிலேயே காத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டில் எனக்கு எதிரே உட்காராதே, பக்கத்திலே உட்கார். எதிரே உன் கண்ணைப் பார்த்தேன் என்றால் எல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். கருமணி அளக்கிற வித்தையெல்லாம் உன்னிடம் பலிக்காது, உன்னை எனக்கு ரொம்பத் தெரியும்.

குட்டிக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரப்படுகிறேன் என்று எனக்கும் தெரிகிறது.

தங்கை


செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். அன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டியதாகிவிட்டது, மதியம் பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. பெரியவரும் கூட இருந்ததால் நின்று பேச முடியவில்லை.

மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. நான் உள்ளதைத்தான் சொன்னேன். எல்லாம் குட்டியின் நன்மைக்குத்தான், காலம் போகப் போக உனக்கே புரியும். என் நிலைமையையும் யோசித்துப் பார், இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.

நான் கிளம்பிய பிறகு என்ன ஆயிற்று என்று இங்கே யாரும் சரியாகச் சொல்லவில்லை. எழுது.

அண்ணன்


செப்டம்பர் 25

அண்ணாவுக்கு,

நீ கேட்டிருக்கிறாய், எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நான் வெகுநேரம் நின்றேன். நீ அவருடைய அண்ணனின் காரில் வந்திறங்கினாய் என்பது கோர்ட்டு வாசலில்தான் தெரிந்தது. அப்போதும், வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது நம் குடும்ப வியாதி போலிருக்கிறது. நீ எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாய். அவர்களுடைய சாட்சி என்று உன்னைக் கூப்பிட்டார்கள்.

நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். முக்கால்வாசி சரிதான். "இவ சின்ன வயசிலேருந்தே இப்படித்தான்" என்றாய். மார்ச் மாதத்தில் நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்ட அதே வாக்கியம், ஒரு சொல் பிசகவில்லை. நிற்கிற இடம் மட்டும்தான் மாறியிருந்தது. "அப்பா இறந்தன்னிக்குச் சிரிச்சாங்களா?" "சிரிச்சா." "அழுதாங்களா?" நீ அவருடைய அண்ணனின் காதைப் பார்த்தாய். பத்து வருஷமாக உன்னைப் பிழைக்க வைத்த காது. "நான் பார்க்கலை" என்றாய். என் வக்கீலம்மா எழுந்து திருப்பித் திருப்பிக் கேட்டும் அந்தப் 'பார்க்கலை'யிலிருந்து நீ நகரவில்லை. கூண்டைவிட்டு இறங்கும்போது தெரியாத்தனமாக என் பக்கம் திரும்பிவிட்டாய். நாம் இருவரும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டோம். பிறகு நீ உன் மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாய், அந்தக் காரில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. நான் எதையும் குத்திக்கொள்ளவில்லை, அளக்கவில்லை, காதைப் பார்க்கவில்லை. நீதிபதி என்னைக் கூப்பிட்டு, என் கண்ணைப் பார்த்து, "உங்க மகளை உங்ககிட்ட குடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நானும் அவர் கண்ணைப் பார்த்து, "செத்துப்போக மாட்டேன், ஆனா இருக்கவும் மாட்டேன் ஐயா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பார், நான்கூட எல்லோரையும்போல ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

அவர்களுடைய வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா பார்த்தீங்களா? சிரிக்காம இருக்க முடியுது. நினைச்சா அடக்க முடியுது. அப்ப இத்தனை வருஷம் புருஷன் கண்ணீர் விட்டப்போ சிரிச்சது வேணும்னு சிரிச்சதுதானே?" ஒரு மணி நேரத்துக்கு முன்னால், உன்னைக் கூண்டில் நிற்க வைத்துக்கொண்டு, அடக்கவே முடியாத கோளாறு என்றவர் அதே ஆள்தான். சிரித்தால் பைத்தியம், சிரிக்காவிட்டால் கொழுப்பு. டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டும் அத்தோடு செல்லாக்காசாகிவிட்டது. வக்கீலம்மா ஏதோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

குட்டி அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று போன வாரம் தீர்ப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, யாராவது கூட இருக்கும்போது நான் பார்க்கலாம்.

தீர்ப்பன்று அவளையும் கூட்டி வந்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணைப் பார்த்து, "இனிமே நீ பாட்டி வீட்லதான் இருக்கணும் கண்ணு. அம்மா அப்பப்ப வந்து பார்ப்பேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். எதற்கோ காத்திருந்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. ஊசி போடப் போகிறார்கள் என்று சொன்னபோதும், அப்பா கோபமாக இருக்கிறார் என்று சொன்னபோதும், எல்லாச் சமயத்திலும் நான் அவளைப் பார்த்துச் சிரித்துத்தானே சொல்லியிருக்கிறேன்? மற்றவர்களுக்குத்தான் அது சிரிப்பு. அம்மா சிரித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். வரவழைத்துப் பார்த்தேன் அண்ணா. உதட்டைக்கூட இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அவளுடைய கால் ஆடுவது நின்றுவிட்டது.

"நீ சிரிக்கவே இல்லையேம்மா," என்றாள். "அப்ப நிஜமாவா?"

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். உன்னிடம் சொன்னது எதுவும் உன்னிடம் நிற்பதில்லை.

தங்கை